நடையை நிறுத்திவிடும் தவறுகள்: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த மறுநாளே நடக்கத் தொடங்குபவர்கள் நிறையப் பேர். ஆறு மாதம் கழித்தும் நடந்துகொண்டிருப்பவர்கள் குறைவு. இடையில் நின்றுபோனவர்களைக் கேட்டால், சோம்பல் என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் அது சரியான காரணம் அல்ல. குதிகாலில் ஒரு கொப்புளம், பாதி வழியில் வந்த படபடப்பு, முழங்கால் வலி, இவ்வளவு நடந்தும் இறங்காத ஒரு சர்க்கரை அளவு. இவற்றில் ஏதோ ஒன்று அவர்களை உட்காரவைத்திருக்கும். ஏறக்குறைய இவை அனைத்தும் தவிர்க்கக்கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நின்றுபோனால் என்ன இழப்பு? நடக்கும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும், இன்சுலின் சொல்வதைத் தசை முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. ஆனால் அந்தப் பலன் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரைதான் தங்கும். வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொல்லும் மருத்துவர்கள், தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்வது இதனால்தான். ஆறு நாள் ஓய்ந்திருந்துவிட்டு ஏழாம் நாள் இரண்டரை மணி நேரம் நடந்து கணக்கை நேர்செய்ய முடியாது.

தொடக்கத்திலேயே பத்தாயிரம் அடி

பலரும் செய்யும் முதல் தவறு இது. பத்தாயிரம் அடி என்பது மருத்துவம் வகுத்த எல்லை அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. பல ஆண்டுகள் நடக்காத கால், திடீரென்று ஒரு மணி நேரம் நடந்தால் முழங்காலும் குதிகாலும்தான் முதலில் பேசும். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் சில நிமிடங்கள் கூட்டுவது போதும். நடந்தபடியே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை.

பாதம்

இங்கே சற்று நின்று பேச வேண்டும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்குப் பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்றன. செருப்பு கடித்தால் மற்றவர்கள் நொண்டுவார்கள், அதனாலேயே தப்பித்துவிடுவார்கள். உணர்வு மரத்த கால் நொண்டாது. அதே கொப்புளத்தின் மீது அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் நடக்கும். கொப்புளம் புண்ணாகும். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் விரலையே இழக்க நேரும். வலி இல்லை, அதனால் காலில் ஒன்றும் இல்லை என்று நினைப்பதுதான் இந்த நோயில் மிக ஆபத்தான எண்ணம் என்பேன்.

ஆகவே வெறுங்காலுடன் நடக்காதீர்கள். புல்லானாலும் கூழாங்கல்லானாலும் கால் நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் வேண்டாம். ஷூவைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு சிறு கல்லோ பிரிந்த தையலோ போதும், கால் அறியாததைக் கை அறியும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் ஷூ வாங்குங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடைவெளி இருக்கட்டும். புது ஷூவோடு முதல் நாளே நீண்ட நடை போகாமல், வீட்டுக்குள் அரைமணி நேரம் போட்டுப் பழகுங்கள். நடந்து வந்ததும் அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், கடைகளில் விற்கும் அமிலப் பட்டையை ஒட்டுவதும், களைப்பு தீர வெந்நீரில் காலை ஊறவைப்பதும் உணர்விழந்த காலுக்குச் செய்யும் தீங்குகள்.

ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே நடையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நரம்பு பாதித்த காலில் எலும்பு நொறுங்கத் தொடங்கும்போதும் இப்படித்தான் இருக்கும். அதன் மேல் வைக்கும் ஒவ்வோர் அடியும் பாதத்தின் வடிவத்தைக் குலைக்கும்.

மறுபக்கத்துத் தவறும் உண்டு. கால் மரத்துப்போகிறது, இனி நடக்கவே கூடாது என்று முடங்கிவிடுகிறார்கள். திறந்த புண் இல்லாதவரை, சரியான ஷூவோடும் தினசரிப் பார்வையோடும் அவர்களும் நடக்கலாம். புண் இருப்பவர்கள், அது ஆறும்வரை உட்கார்ந்தே கைகளுக்குப் பயிற்சி தரலாம்.

சர்க்கரை தாழ்ந்துபோவது

எல்லோருக்கும் இந்தப் பயம் தேவையில்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு நடையால் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நடக்கும் முன் ரத்தச் சர்க்கரை அளவு 90க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இருந்தால் இவர்கள் கொஞ்சம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும். தொடையில் இன்சுலின் போட்டவுடன் நடந்தால் மருந்து வேகமாக உடலில் ஏறும். நடக்கும் நாட்களில் வயிற்றில் போடுவது நல்லது.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் ‘வீடு பக்கம்தானே’ என்று நடையைத் தொடரக் கூடாது. அங்கேயே உட்கார்ந்து 15 கிராம் குளுக்கோஸ், அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துப் பரிசோதியுங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. சாக்லெட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். இதயத்துக்காக பீட்டா தடுப்பான் மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம், வியர்வைதான் அவர்களுக்கு அடையாளம். நெடுநேரம் நடந்த நாளின் இரவில்கூட அளவு இறங்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதிர்த் திசையில், அளவு 250க்கு மேல் இருந்து சிறுநீரிலோ ரத்தத்திலோ கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து உருவாகும் அமிலப்பொருள்) தெரிந்தால் நடக்கவே கூடாது. ‘நடந்து குறைத்துவிடலாம்’ என்பது அந்த நிலையில் தலைகீழாகவே முடியும்.

காலையில் மட்டும்

விடியற்காலையில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு, மீதி நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்கள் பலர். கடமை முடிந்தது என்ற நிம்மதி. ஆனால் சர்க்கரை ஏறுவது ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் பிறகு. நியூசிலாந்தில் 41 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, விரும்பிய நேரத்தில் 30 நிமிடம் நடப்பதையும், மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டது. மொத்த நேரம் ஒன்றே. சாப்பாட்டுக்குப் பின் நடக்கச் சொன்னபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் 12 சதவீதம் குறைவாக இருந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, நேரமில்லை என்பவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் பத்து நிமிடம் கைக்கு எட்டுகிறது என்பதுதான். இடையில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சில அடி நடப்பதும் இதே கணக்கில் சேரும்.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு எடைப் பயிற்சி தேவை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் அதில் அடங்கும்.

சர்க்கரை பார்க்கும் கருவியை மட்டும் நம்பி நடப்பது

இரண்டு வாரம் நடந்தோம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அப்படியே இருக்கிறது, பிறகு எதற்கு நடப்பது? மனமுடைந்து பலர் நிறுத்தும் இடம் இது. அந்த ஓர் எண்ணை முந்தைய இரவின் உணவு, உறக்கம், கவலை, காய்ச்சல் எல்லாம் ஆட்டுவிக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி வரும்வரை பொறுங்கள். அதற்கு வெகுமுன்பே வேறு மாற்றங்கள் தெரியும். தூக்கம் ஆழமாகிறது. மாடிப்படி முன்போல் மலைப்பாக இல்லை. நோய் பற்றிய ஓயாத கவலை கொஞ்சம் தளர்கிறது. நண்பரோடு பேசியபடி நடப்பவர்களுக்குத் தனிமையும் குறைகிறது. வாழ்க்கைத் தரம் என்று மருத்துவ மொழியில் சொல்வது இதைத்தான். இவற்றையும் சர்க்கரை எண்ணோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

உடல் நிறுத்தச் சொல்லும்போது

சர்க்கரை நோயில் மாரடைப்புகூட நெஞ்சு வலி இல்லாமல் வரலாம். வழக்கமான தூரத்திலேயே புதிதாக மூச்சு வாங்குவது, காரணமற்ற அசதி, தாடையிலோ கையிலோ இறுக்கம் ஆகியவற்றைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவ உதவி நாடுங்கள். நடந்தால் கெண்டைக்காலில் பிடித்து, நின்றால் விடும் வலி, காலின் ரத்தக்குழாய் அடைபட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

காய்ச்சலோ பயணமோ நடையை நிறுத்தியிருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முன்பு நடந்த நேரத்தில் பாதியோடு தொடங்குங்கள். மாத்திரை அளவு இடையில் மாறியிருந்தால் முதல் சில நாட்கள் நடக்கும் முன்பும் பின்பும் சர்க்கரையைப் பாருங்கள். நாட்கணக்கில் போடாமல் வைத்திருந்த ஷூவுக்குள் கைவிட்டுப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.