பிள்ளையைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால்: பெற்றோர் விடுகிற பிழைகள்

பெடியனைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்ற செய்தி பரவினால், யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு முதலில் வருவது வெளிநாட்டு அழைப்புத்தான். "பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விசாரிக்கேலாது" என்பார் லண்டன் சித்தப்பா. "18 வயது ஆகாதவனைப் பிடிக்கவே ஏலாது" என்பார் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்க்கிற மாமி.

சித்தப்பா சொல்வது இங்கிலாந்துக்குப் பொதுவாகச் சரி. மாமி சொல்வது இந்தியாவுக்கே சரியில்லை. அங்குள்ள 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் பிடிப்பதைத் தடுக்கவில்லை. லொக்கப்பில் போடாதே, 24 மணித்தியாலத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்து என்கிறது. இங்கே அப்படியொரு குழுமமே கிடையாது. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று பிறநாட்டுச் சட்டம் பேசினால், இந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியாது என்பதை நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள்.

"சின்னப் பிள்ளைதானே, வழக்கு வராது" என்பது அடுத்த பிழை. இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு 10 வயதில் தொடங்குகிறது, ஸ்கொட்லாந்தில் 12. இலங்கையில் 8 ஆக இருந்ததை 2018இல் 12 ஆக்கினார்கள். 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு, செய்ததை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும். 14 தாண்டினால் அந்தச் சலுகையும் இல்லை.

ஆகவே வயதுதான் முக்கியம். ஆனால் வீட்டிலிருந்து பொலிஸ் நிலையத்துக்கு ஓடுகிறவர்கள் காசைக் கொண்டு ஓடுகிறார்கள், பிறப்புச் சான்றிதழை அலுமாரியில் விட்டுவிட்டு. மீசை அரும்பிய, உயரமான பெடியன் என்றால் ஆளைப் பார்த்தே வயதை மதிப்பிட்டுவிடுவார்கள். அவனிடம் அடையாள அட்டை இருந்தால் "பெரிய ஆள்தானே" என்ற பேச்சும் வரும். 15 வயதிலேயே அடையாள அட்டை எடுக்கலாம் என்பதால், அட்டை இருப்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. அதிலுள்ள பிறந்த திகதியைக் காட்டுங்கள். சான்றிதழின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கேட்காமல் விடுவது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளையை உடனே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், பாரதூரமான குற்றம் போன்ற சில காரணங்கள் இருந்தாலொழியப் பொறுப்பதிகாரி பிணைமுறியில் விட வேண்டும். மறித்து வைத்தாலும் வளர்ந்த சந்தேகநபர்களோடு சேர விடக்கூடாது. பெண்பிள்ளை ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்கள் அரசியல்வாதியின் செயலாளருக்குப் போன் அடிப்பதிலேயே அரை நாளைக் கழிப்பார்கள். "தாய் வந்திருக்கிறேன், கையெழுத்து வைத்துக் கூட்டிப்போகலாமா?" என்று நேரே கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வரலாம் என்று 2012இலேயே விதி வந்துவிட்டது. வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது கையெழுத்து விஷயம். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டி "இதில் ஒரு ஒப்பம் போடுங்கோ" என்றால், வாசிக்கத் தெரியாமலே போட்டுவிடுகிறோம். தமிழ் அரசகரும மொழி, வடக்கில் நிர்வாக மொழியும் கூட. தமிழில் எழுதச் சொல்லுங்கள். குறைந்தது வாசித்து விளங்கப்படுத்தும்வரை பேனையைத் தொடாதீர்கள். பொலிஸிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சாதாரண வழக்கில் சாட்சியமாகாதுதான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பும் இல்லை, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்ற வழமையான கணக்கும் இல்லை; அங்கே சட்டத்தரணி இல்லாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.

குற்றம் செய்தால்தான் பொலிஸ் பிள்ளையைத் தூக்கும் என்பதும் தவறு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவை என்று கண்டாலும் நீதிமன்றத்தில் முற்படுத்தலாம். இது சித்தப்பாவுக்கும் பொருந்தும்: ஆபத்து என்று நம்பினால், நீதிமன்றக் கட்டளை இல்லாமலே 72 மணித்தியாலம் வரை பிள்ளையை வைத்திருக்க இங்கிலாந்துப் பொலிஸுக்கு அதிகாரம் உண்டு.

நியாயம் கேட்கிறோம் என்று பிள்ளையின் படத்தை முகநூலில் போடாதீர்கள். அடித்திருந்தால் காயத்தை அன்றே வைத்தியருக்குக் காட்டிப் பதிவு செய்யுங்கள். 1929க்கு அழைத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை முறைப்பாட்டை எடுக்கும். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.