கொள்கைப் பயிற்சிக்குக் கிளம்பும் முன்

அரசின் கொள்கைகளை ஆராய்ந்து யோசனை சொல்லும் நிறுவனமான திங்க் டேங்க் ஒன்றின் பொதுக்கொள்கைப் பயிற்சிக்கு இடம் கிடைத்ததும் பலர் பொருளாதாரப் பாடப்புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே வரையறையை ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள். கையில் இவ்வளவு பணம்தான், இத்தனை ஊழியர்கள்தான், தேர்தலுக்கு இரண்டு வருடம்தான், என்ன செய்வீர்கள் என்பார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, தீர்வைப் பையில் போட்டுக்கொண்டு போவது. 'பள்ளிகளுக்கு டேப்லெட் கொடுக்க வேண்டும்' என்பது தீர்வு. 'ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை' என்பதுதான் பிரச்சினை. இப்படிச் சொல்லிப் பார்த்தால் டேப்லெட் பல வழிகளில் ஒன்றாகச் சுருங்கிவிடும். வயதைப் பார்க்காமல் வாசிக்கும் திறனை வைத்துக் குழு பிரித்துக் கற்பிக்கலாம். ஆசிரியருக்குப் பயிற்சி தரலாம். ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆகவே ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, அது யாரைப் பாதிக்கிறது, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று அரைப் பக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று குறித்துவையுங்கள். பாதி எண்களுக்கு மூலம் கிடைக்காது. அது வீட்டிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

'அரசியல் நமக்கெதற்கு, ஆதாரம் போதும்' என்பது படித்தவர்களுக்கே உரிய தவறு. பிரச்சினை, தீர்வு, அரசியல் என்று மூன்று ஓட்டங்கள் தனித்தனியே போகின்றன, அவை ஒரே நேரத்தில் சேரும்போதுதான் மாற்றத்துக்கு ஜன்னல் திறக்கிறது என்று அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் கிங்டன் 1984-இல் எழுதினார். உங்கள் அரைப் பக்கத்தில், இதைச் சரிசெய்தால் நஷ்டப்படப் போவது யார் என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

அப்புறம், அழைத்த நிறுவனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காமல் போகாதீர்கள். வாஷிங்டனில் 1973-இல் தொடங்கிய ஹெரிட்டேஜ் பவுண்டேஷனும் 2003-இல் தொடங்கிய சென்டர் ஃபார் அமெரிக்கன் பிராக்ரஸும் எதிரெதிர் முகாம்கள்: முதலாவது வலதுசாரி, இரண்டாவது இடதுசாரிச் சாய்வு. இரண்டும் வரியைப் பற்றி ஒரே பாடத்தை நடத்தாது. சார்பு இருப்பது குற்றமில்லை, தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் சங்கடம். ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியல் இருந்தால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். முன்கூட்டியே அனுப்பும் வாசிப்புக் கட்டில் நேரம் போதாவிட்டால், சுருக்கத்தையும் தரவு எப்படித் திரட்டினார்கள் என்ற பகுதியையும் மட்டும் படியுங்கள்.

கடைசியாக, போனைப் பற்றி. பல அமர்வுகள் சாத்தம் ஹவுஸ் விதியின்கீழ் நடக்கும். லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற திங்க் டேங்கில் 1927-இல் பிறந்த விதி அது. கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், வேறு யார் அறையில் இருந்தார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது. பேச்சாளருடன் எடுத்த செல்ஃபியை அன்று மாலையே பகிர்வதும் விதிமீறலாகிவிடலாம்.