கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டும் முறை

கரும்பு ஆளுயரம் தாண்டிச் சோகை பின்னிக்கொண்ட பிறகு, தெளிப்பானைச் சுமந்து தோட்டத்துக்குள் நுழைவது கடினம். நுழைந்தாலும், கணுவுக்குள் துளைத்துச் சென்றுவிட்ட இடைக்கணுப் புழுவை மருந்து எட்டுவதில்லை. ஆகவே புழுவாகும் முன்பே, முட்டையிலேயே அதைத் தடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்னும், ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத குளவி. இடைக்கணுப் புழு ஓர் அந்துப்பூச்சியின் இளம்பருவம். தாய்க்குளவி அந்த அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிறது. உள்ளே பொரிக்கும் குளவிப்புழு அதையே தின்று வளர்வதால், கரும்பைத் துளைக்க வேண்டிய புழு பிறப்பதே இல்லை.

ஆய்வகங்களில் கார்சைரா என்னும் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவை பொரிக்காதபடி புற ஊதாக் கதிரில் வைத்தபின், அவற்றின்மேல் குளவிகளை விடுகிறார்கள். 1 சிசி அட்டையில், அதாவது ஒரு கன சென்டிமீட்டர் அளவு முட்டை ஒட்டிய அட்டையில், ஏறத்தாழ 20,000 முட்டைகள் இருக்கும். குளவி முட்டையிட்டவை மூன்று நான்கு நாளில் கறுத்துவிடும். ஆகவே சீராகக் கறுத்த அட்டையையே வாங்க வேண்டும். கறுத்த முட்டைகளில் ஊசிமுனை அளவு துளைகள் தெரிந்தால், குளவிகள் முன்பே வெளியேறிவிட்டன என்று பொருள். அதற்குப் பணம் கொடுப்பது வீண். குளவி வெளிவரும் நாளைக் கேட்டறிந்து, அதற்கு முந்தைய நாளே கட்டிவிடுவது நல்லது.

நட்ட நான்காம் மாதம் முதல் 15 நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு 1 சிசி வீதம், ஆறு முறை கட்ட வேண்டும். குளவி சில நாட்களே உயிர்வாழும், அந்துப்பூச்சியோ மாதக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், ஆறு தவணையையும் ஒரே நாளில் கட்டி முடித்துவிடலாம் என்று நினைப்பது பயன் தராது. குளவி வெகுதூரம் பறக்காது. எனவே முட்டைகள் நசுங்காமல் அட்டையைச் சிறு துண்டுகளாகக் கத்தரித்து, வயல் முழுவதும் பரவலாக, வெயிலும் மழையும் நேரே படாத இலையடியில், காலையிலோ மாலையிலோ ஸ்டேப்ளரால் பொருத்த வேண்டும். எறும்புச் சாரை ஏறும் கரும்பைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் ஒரே இரவில் அட்டையை எறும்புகள் வெறுமையாக்கிவிடும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரமாவது பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. பக்கத்து வயல்காரரிடமும் இதைச் சொல்லிவைப்பது நலம்.

பலன் தெரிய, சில நாட்கள் கழித்து இலைகளில் செதில்போல் படிந்திருக்கும் அந்துப்பூச்சி முட்டைகளைக் கைலென்ஸால் பார்க்கலாம். முட்டை முழுவதும் கறுத்திருந்தால் அதில் குளவி வளர்கிறது. வெளிறிய முட்டைக்குள் ஒரே ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அது பொரிக்கவிருக்கும் புழுவின் தலை.