நாவலை முடித்தாயிற்று, எடிட்டரிடம் எப்படிக் கொடுப்பது?

என் முதல் நாவல் 48,000 சொற்கள். முடித்த மறுவாரமே மெய்ப்பு பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, ஒற்றுப்பிழை ஒன்று விடாமல் திருத்திக் கொடுத்தார். அதன் பிறகுதான் ஒரு எடிட்டர் அதைப் படித்தார். “கதை அஞ்சாவது அத்தியாயத்துலதானே தொடங்குது?” என்றார். முதல் நான்கு அத்தியாயங்களும் குப்பைக்குப் போயின. வல்லினம் மிகவேண்டிய இடத்திலெல்லாம் சரியாக மிகுந்திருந்த நான்கு அத்தியாயங்கள்! கொடுத்த காசும் அவற்றோடு போயிற்று.

அந்தத் தப்பை நீங்களும் செய்யாமலிருக்க, நான் இப்போது போகும் வரிசையைச் சொல்கிறேன்.

1. முதலில் ஆறப்போடுங்கள்

குறைந்தது ஒரு மாதம். பிறகு ஏ4 தாளில் அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போதும், அங்கேயே உட்கார்ந்து திருத்த வேண்டாம். உங்களுக்கே தெரிகிற குறைகளைச் சரிசெய்துவிட்டுக் கொடுத்தால்தான், உங்களுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்க எடிட்டருக்கு நேரம் இருக்கும்.

2. எந்த வேலை தேவை என்று முடிவு செய்யுங்கள்

நம்மூரில் எடிட்டர் என்றாலே பிழை திருத்துபவர் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 1974இல் தொடங்கிய க்ரியா போல, எழுதியவரோடு உட்கார்ந்து பிரதியைச் செம்மை செய்த பதிப்பகங்கள் குறைவு. வேலை உண்மையில் மூன்று வகை. முதலாவது மதிப்பீடு: முழுப் பிரதியையும் படித்து, கதை எங்கே இழுக்கிறது, யார் தேவையில்லாமல் வந்து போகிறார்கள், முடிவு ஒட்டுகிறதா என்று சில பக்க அறிக்கை தருவது. இரண்டாவது மொழிச் செம்மை, அதாவது வரிவரியாக வாக்கியங்களைச் சீர்செய்வது. மெய்ப்பு பார்ப்பது கடைசி, அதுவும் பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு. முதல் நாவலுக்கு மதிப்பீட்டில்தான் முதல் காசைச் செலவழிக்கச் சொல்வேன். வாணி, நாவி போன்ற இலவச மென்பொருள் திருத்திகள் எழுத்துப்பிழையையும் சந்திப்பிழையையும் காட்டும். ஆனி மாதம் இறந்துபோன பாட்டி ஐப்பசியில் முறுக்கு சுடுவதை அவை காட்டாது.

3. ஆளைத் தேடுங்கள்

உங்களுக்குப் பிடித்த, உங்கள் கதைக்குக் கொஞ்சம் நெருக்கமான புத்தகங்களின் நன்றியுரையைப் பாருங்கள். செம்மை செய்தவர் பெயர் பெரும்பாலும் அங்கேதான் ஒரு வரியில் ஒளிந்திருக்கும். கவிதைத் தொகுப்பு மட்டும் பார்ப்பவரிடம் துப்பறியும் நாவலைக் கொடுத்துவிட்டு அவரைக் குறை சொல்லக் கூடாது.

சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக ஜனவரியை ஒட்டி வருவதால், அக்டோபரிலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பிப்ரவரிக்குப் பிறகு கேட்டால் நிதானமாகப் படிப்பார்கள்.

4. கோப்பைத் தயார் செய்யுங்கள்

யூனிகோடில் வேர்டு கோப்பு, 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, பக்க எண். பாமினி போன்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் மாற்றிவிட்டு ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் சிதைவதுண்டு.

கூடவே ஒரு பக்க நடைக்குறிப்பு வையுங்கள். பாத்திரங்களின் பெயர், உறவு, வயது, எந்த ஊர் வழக்கு என்பதெல்லாம் அதில் வரட்டும். என் கதை நெல்லைப் பக்கத்தில் நடப்பது. நான் குறிப்பு வைக்காததால் உரையாடலில் வந்த ‘அவிய’ எல்லாம் ‘அவர்கள்’ ஆகித் திரும்பி வந்தன. ஆச்சி செய்தி வாசிப்பாளர் மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

5. கடிதமும் கேள்விகளும்

“படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்று அனுப்பினால், “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். கதைச் சுருக்கத்தை முடிவோடு சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பின்னட்டை வாசகம் போல மர்மமாக நிறுத்தாதீர்கள். அதன் கீழே, உங்களை உறுத்துகிற மூன்று நான்கு கேள்விகள். ‘நடுப்பகுதி தொய்கிறதா?’ என்பதைவிட ‘11ஆம் அத்தியாயத்தில் அண்ணன் வீட்டைவிட்டுப் போவதற்கான காரணம் போதுமா?’ என்பது நல்ல கேள்வி.

6. மாதிரி, கட்டணம், ஒப்பந்தம்

முழுப் பிரதிக்கும் பேசுமுன் பத்துப் பக்கத்தை மட்டும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுங்கள், நியாயம்தான். என் மாதிரியில் ஒரு வரி இப்படி இருந்தது:

“முருகேசனுக்குக் கோபம் தலைக்கேறியது. சொம்பைத் தூக்கிச் சுவரில் எறிந்தான்.”

எடிட்டர் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: “சொம்பு விழுற சத்தம் போதாதா?” ஆள் சரி என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பிறகு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளுங்கள்: கட்டணம் சொல்லுக்கா பக்கத்துக்கா, முன்பணம் எவ்வளவு, எப்போது கிடைக்கும், அறிக்கைக்குப் பிறகு ஒருமுறை பேச நேரம் தருவாரா, திருத்திய பிரதியை மறுபடி படிப்பாரா. கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியபோதே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. நான் அதைவிட அதிகம் பயப்படுவது, ‘எடிட்டிங்கும் சேர்த்து’ என்று மொத்தமாகப் பணம் வாங்கும் பதிப்புத் திட்டங்களுக்குத்தான். அவர்கள் ஏற்கெனவே திருத்திய ஏதாவது ஒரு பிரதியின் ட்ராக் சேஞ்சஸ் (எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று வேர்டு காட்டும் வசதி) போட்ட கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

7. அறிக்கை வந்த பிறகு

முதல் நாள் கோபம் வரும். பதில் எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்து மூன்று நிறத்தில் கோடு போடுங்கள்: ஏற்பது, யோசிக்க வேண்டியது, மறுப்பது. ‘இங்கே சலிப்பாக இருக்கிறது’ என்று எடிட்டர் சொன்னால் நான் வாதாடுவதில்லை, சலித்தது அவருக்கு. ‘இங்கே ஒரு சண்டைக் காட்சி வைக்கலாம்’ என்றால் அது வெறும் யோசனை. என் எடிட்டர் மாமாவின் பாத்திரத்தையே எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. அவர் சலித்த மூன்று இடங்களிலும் மாமா வளவளவென்று பேசிக்கொண்டிருந்தார், அந்தப் பேச்சை மட்டும் வெட்டினேன். இரண்டாம் முறை படித்தபோது மாமாவைப் பற்றி எடிட்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருத்தும்போது பெரியதிலிருந்து சின்னதற்கு வாருங்கள்: அத்தியாய வரிசை, காட்சி, பத்தி, வாக்கியம். ஒவ்வொரு சுற்றுக்கும் கோப்பின் பெயரில் தேதி போட்டுத் தனியாகச் சேமியுங்கள். வெட்டிய பகுதிகளுக்கும் ஒரு கோப்பு. என் நான்கு அத்தியாயங்கள் இன்னும் அதில்தான் இருக்கின்றன, ஒற்றுப்பிழை இல்லாமல்.