புதிய பதிப்புக்கு மாறியபின் உள்நுழைய முடியவில்லையா? அவசரத்தில் செய்யக்கூடாதவை

இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின் கணினி உள்ளே விட மறுத்தால், பலரும் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கிறார்கள். முதல் தவறு அதுதான். லினக்ஸில் ஃபெயில்லாக் என்னும் பாதுகாப்பு இயங்கினால், அதன் இயல்பான அமைப்பின்படி 15 நிமிடங்களுக்குள் 3 முறை பிழை நேர்ந்ததும் கணக்கு 10 நிமிடங்களுக்குப் பூட்டப்படும். அதுவரை சரியான கடவுச்சொல்லும் செல்லாது.

லினக்ஸில் மறுபடி தட்டுமுன் திரை என்ன செய்தது என்று கவனியுங்கள். கடவுச்சொல் தவறு என்ற செய்தி வருவது ஒன்று. செய்தி ஏதுமின்றித் திரை ஒரு கணம் கறுத்து, மீண்டும் உள்நுழைவுப் பக்கத்துக்கே வந்து நிற்பது முற்றிலும் வேறொன்று. இரண்டாவது நிலையில் கடவுச்சொல் பெரும்பாலும் ஏற்கப்பட்டுவிட்டது. அதன்பின் திறக்க வேண்டிய வரைகலை அமர்வுதான், அதாவது மேசைத்திரைச் சூழல்தான், விழுந்துவிட்டது. வட்டு நிரம்பியிருக்கலாம், திரைக் காட்சியைக் கையாளும் வரைகலை இயக்கி, இயங்குதளத்தின் மையப் பகுதியான புதிய கெர்னலுடன் பொருந்தாமல் போயிருக்கலாம், அல்லது முகப்புக் கோப்புறையில் உள்ள, வரைகலைத் திரைக்கு அனுமதி தரும் எக்ஸ்அதாரிட்டி கோப்பின் உரிமை, முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கு மாறியிருக்கலாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தி, உரைத்திரையில் அதே கடவுச்சொல்லால் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் உங்கள் கணக்கு நலமாகவே இருக்கிறது. இந்தச் சிறு சோதனையைக்கூடச் செய்யாமல் முழு மறுநிறுவலுக்குப் போய்ப் பல ஆண்டுக் கோப்புகளை இழப்பது உண்மையிலேயே வேதனையானது.

கடவுச்சொல் தவறு என்றே செய்தி வந்தால், விசைப்பலகை அமைப்பைப் பாருங்கள். அமெரிக்க அமைப்பிலும் பிரிட்டன் அமைப்பிலும் @ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறியிருக்கும். கடவுச்சொல்லில் அவை இருந்தால் உங்கள் விரல் சரியாகவே தட்டினாலும் தவறான எழுத்துதான் போய்ச்சேரும்.

விண்டோஸில் பின் எண்ணையும் கணக்கின் கடவுச்சொல்லையும் ஒன்றென நினைப்பவர்கள் உண்டு. பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. அது மறுக்கப்பட்டால் உள்நுழைவுத் தெரிவுகளில் கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுக்கலாம். வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் கேட்கும் 48 இலக்க மீட்புச் சாவியோ இவ்விரண்டிலும் சேராதது. அதை மேம்படுத்தலுக்கு முன்பே எடுத்து, வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும்.

உள்ளே நுழைந்தும் மேசைத்திரை வெறுமையாக இருந்தால், விண்டோஸ் உங்களைத் தற்காலிகப் பயனர் விவரத்தில் ஏற்றியிருக்கக்கூடும். அங்கே எதையும் சேமிக்காதீர்கள்; வெளியேறியதும் அது அழிந்துவிடும்.