சென்னை மாடியில் தக்காளிப் பூ உதிராமல் இருக்க நாள் பார்த்து விதைப்பது எப்படி?

ஏப்ரலில் தக்காளிச் செடி தளதளவென்று வளர்கிறது, கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட நிற்பதில்லை. உடனே பஞ்சகவ்யம், மீன் அமிலம், போரான் என்று சத்துப் பாட்டில்கள் சேரும், பிஞ்சு சேராது. ஏனென்றால் இங்கே வில்லன் இரவு வெப்பம். மண்கலவையும் தொட்டியும் தயார் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. இரவை அளந்து பாருங்கள்

பகலில் 32 டிகிரி செல்சியஸ், இரவில் 21 முதல் 24 டிகிரி: ஏறக்குறைய இந்த அளவுகளைத் தாண்டினால் தக்காளி மகரந்தம் வீரியம் இழக்கும், பிஞ்சு பிடிக்காமல் பூ உதிரும். சென்னையில் மே மாத இரவே சராசரியாக 27, 28 டிகிரி. ஜனவரியில்தான் 21 வரை இறங்கும். போதாக்குறைக்கு, பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடித் தளம் ராத்திரி முழுக்க அனலைக் கக்கும். அதனால் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் கணக்கை நம்பி உங்கள் செடியை எடைபோடாதீர்கள்.

அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளைத் தானே பதிந்துவைக்கும் சாதாரண வெப்பமானி ஒன்று போதும். அலைபேசிச் செயலிகளை நான் சட்டை செய்வதில்லை. வெப்பமானியைக் கைப்பிடிச் சுவரில் மாட்டாதீர்கள். சுவரின் சூட்டைத்தான் காட்டும். செடியின் உயரத்தில், நிழலில் தொங்கவிடுங்கள்.

பூ உதிரப்போவதைச் செடியும் சொல்லும். பூக்காம்பின் நடுவே சிறு கணு ஒன்று புடைத்திருக்கும். அது மஞ்சளாகிவிட்டால், விரல் பட்டதும் பூ அந்த இடத்திலேயே முறிந்து கையோடு வரும்.

2. பின்னோக்கி எண்ணுங்கள்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பூத்தால் பிஞ்சு பிடிக்கும். விதைத்ததிலிருந்து பூக்க ஏறத்தாழ இரண்டு மாதம். ஆகவே செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் விதையுங்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது வெண்டைக்கும் அவரைக்கும் சரி. சென்னை மாடித் தக்காளிக்கு நான் அதைப் பின்பற்றுவதில்லை.

3. மழையைச் சமாளியுங்கள்

இந்தக் கணக்கில் நாற்றுப் பருவம் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். நாற்றுத் தட்டை சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள். செடிப் பைகளைச் செங்கல் மேல் ஏற்றுங்கள். அடித்துளை அடைபடாது, தளத்துச் சூடும் நேராக ஏறாது. புயல் அறிவிப்பு வந்தால் பந்தல் வலையை முதலில் அவிழ்த்துவிடுங்கள். காற்றில் அது பாய்மரமாகி, கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

4. பூவைத் தட்டுங்கள்

ஈரக்காற்றில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது. காலை பத்து மணிவாக்கில், பனி காய்ந்தபின், பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். பூவை அதிரவைக்க மின்சாரப் பல்துலக்கி வேண்டும் என்பதெல்லாம் வெறும் ஆடம்பரம்.

பின்சேர்க்கை: பச்சை நிழல்வலை கட்டினால் மே மாதத்திலும் காய்க்காதா என்று பலர் கேட்டுவிட்டார்கள். வலை பகல் வெயிலைத் தணிக்கும். இரவுச் சூட்டை ஒன்றும் செய்யாது. கத்திரி வெயிலில் தக்காளியோடு மல்லுக்கட்டாமல் கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை போடுங்கள்.

சன்ஷேடுக்கு அடியில் நாற்று நெட்டையாக, வெளிறிப் போகிறது என்றும் எழுதியிருந்தார்கள். அது வெளிச்சக் குறைவு. மழை விட்ட வேளைகளில் தட்டை வெயிலுக்கு எடுத்துவையுங்கள். நடும்போது தண்டில் பாதியை மண்ணுக்குள் புதைத்துவிடலாம். தக்காளி அங்கேயும் வேர் விடும்.