கடல் மூடிக் கிடக்கும்போதே காப்பீட்டு அட்டையை எடுத்து வையுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில்தான் நிற்கும். வலை பின்னுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது, சொந்தக்காரர் கல்யாணம் என்று நாள் ஓடிவிடும். அந்த 61 நாளில் ஒரே ஒரு நாளை ஒதுக்கி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரை முழுக்க இந்த அட்டைக்குத் தகுதியுள்ள வீடுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் பலருக்கு அது நினைவுக்கு வருகிறது.

என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. கடலிலிருந்து வந்த அன்று ராத்திரி நெஞ்சுவலி, மதுரைக்குக் கொண்டு போனோம், இரண்டு அடைப்பு என்றார்கள். காப்பீடு இருக்கிறதா என்று கவுண்டரில் கேட்டதும் சித்தி தைரியமாகக் குடும்ப அட்டையை நீட்டினார். அதில் சித்தப்பா பெயரே இல்லை. கல்யாணமானதும் தாத்தாவின் கார்டிலிருந்து பெயரை நீக்கினார்கள், புதுக் கார்டில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய ஒருவர் ஊருக்கும் மதுரைக்குமாக மூன்று நாள் அலைந்தார். அதற்குள் முன்பணம் கட்டச் சொன்னதால் சித்தியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. சித்தப்பா இன்று நன்றாக இருக்கிறார், ஆனால் அந்த மூன்று நாளை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

சரி, யாருக்குக் கிடைக்கும்? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000 ஆக இருந்தது, 2022 ஜனவரியில் உயர்த்தினார்கள். அந்தப் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு "நமக்கு வராது" என்று ஒதுங்கிப் போனவர்கள் தயவுசெய்து மறுபடியும் கேட்டுப் பாருங்கள். மாதம் பத்தாயிரம் என்று கணக்குப் போட்டால் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர், பாசி எடுக்கிற பெண்கள், கருவாடு காயவைக்கிறவர்கள் என்று பலரும் இதற்குள் வந்துவிடுவார்கள். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு இந்த வருமான வரம்பே கிடையாது. இதை முகாமில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

குடும்பம் என்றால் அட்டைதாரர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், அவர்களை நம்பியிருக்கும் அப்பா அம்மா. எல்லோர் பெயரும் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். முக்கால்வாசி வீடுகளில் சிக்கல் இங்கேதான் வருகிறது. வந்த மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டில் இருக்கும், மூன்று வயசுப் பிள்ளையைச் சேர்த்திருக்க மாட்டார்கள். அப்புறம் நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை, பெயர். கோயிலில் வைத்த ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் கொடுத்தது ஒன்று, ஆதாரில் எழுத்துப் பிழையோடு இன்னொன்று. ஒரே ஆளுக்குக் குடும்ப அட்டையில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு பெயரும் இருந்தால் அவசர நேரத்தில் அதைப் பேசித் தீர்க்க முடியாது. அதனால் அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள். திருத்தம் வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் முதலில் அதை முடியுங்கள்.

அடுத்தது வருமானச் சான்றிதழ். இதற்கும் இ-சேவை மையத்தில்தான் விண்ணப்பம், அது வி.ஏ.ஓ. வழியாக மேலே போகும். கடல் வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது, எதைச் சொல்வது என்று குழம்புவார்கள். வருஷம் முழுதுக்கும் கைக்கு வந்ததை, தடைக்கால மாதங்களையும் சேர்த்து, உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் வளைகுடாவில் சம்பாதித்துப் பணம் அனுப்புகிறார் என்றால் அதையும் மறைக்காதீர்கள். அப்படி வரம்பைத் தாண்டுகிறவர்களுக்கு என்ன வழி என்று கீழே சொல்கிறேன்.

இவை கையில் வந்ததும் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள். குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்றிதழ், மூன்றுக்கும் அசலும் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுப்பார்கள் என்பதால் வீட்டு ஆண்களும் கூடப் போவது நல்லது, தடைக்காலத்தைச் சொல்வதற்கு இதுதான் காரணம். திங்கட்கிழமை வேண்டாம், அன்று மனு கொடுக்க மாவட்டமே அங்கே வந்து நிற்கும். பதிவுக்குப் பிரீமியம் எதுவும் இல்லை, அதை அரசு கட்டுகிறது. "ஆயிரம் கொடு, கார்டு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

கிடைப்பது என்னவென்றால், ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆளுக்கு 5 லட்சம் இல்லை, வீட்டுக்கே சேர்த்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் பட்டியலில் இருக்கின்றன: இதயம், சிறுநீரகம், புற்றுநோய், எலும்பு என்று. சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குவது இதில் வராது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வேண்டுமென்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பழைய ஆட்கள் இதை இன்னும் கலைஞர் காப்பீடு என்றுதான் சொல்வார்கள். 2009-இல் வந்தது அது. இப்போதிருக்கும் திட்டம் 2012-இல் தொடங்கியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத்தையும் இதோடு இணைத்துவிட்டார்கள். இந்த இணைப்பு வெளிமாநிலம் போகிறவர்களுக்குத்தான் முக்கியம். கேரளப் பக்கம் படகு வேலைக்குப் போகிறீர்கள், 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் குடும்பம் இருக்கிறது என்றால், அங்கேயும் ஆயுஷ்மான் பாரத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஆயுஷ்மான் பாரத் உதவி எண் 14555-க்கு போன் செய்து கேளுங்கள். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியதையும் அப்படியே விசாரியுங்கள்.

ஆஸ்பத்திரியில் எப்படி நடக்கும்? முதலில் அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், அதுவும் உங்களுக்கு வந்திருக்கும் நோய்க்கு அங்கே திட்டத்தில் செய்கிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். எலும்புக்கு மட்டும் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரியில் இதயத்துக்குப் போய் நின்றால் பயனில்லை. காப்பீட்டுக் கவுண்டரில் அட்டையைக் கொடுத்தால் அவர்கள் பரிசோதனை முடிவுகளை அனுப்பி அப்ரூவல் வாங்குவார்கள். அப்ரூவல் வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் உடனே புகார் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்தபிறகு சொல்லலாம் என்று விடாதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, மதுரை பெரியாஸ்பத்திரி போன்ற அரசு இடங்களிலும் அட்டையைக் கொடுங்கள். அங்கேதான் இலவசமாயிற்றே என்று நினைக்க வேண்டாம், காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து என்றால் அட்டையைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை எந்த ஊர்க்காரருக்கும் இலவசம், காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வரம்பைத் தாண்டிய வீடுகளுக்கு: மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து வேலை பார்க்கும் இடம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குள் வந்தால் அதுவே போதும். இல்லையென்றால் சொந்தமாகப் பாலிசி எடுக்க வேண்டியதுதான். அதில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையையும் கொதிப்பையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். எழுதினால் அந்த நோய்களுக்குப் பணம் கிடைக்க அதிகபட்சம் மூன்று வருஷக் காத்திருப்பு, மறைத்தால் பணம் தேவைப்படும் நாளில் கையை விரிப்பார்கள். பாலிசி வந்தபின் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

அட்டை வந்ததும் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, வீட்டில் இருக்கும் பெண்களின் போனில் வையுங்கள். படகில் இருப்பவரின் போனுக்கு நடுக்கடலில் சிக்னல் இருக்காது, ராத்திரி ஆம்புலன்ஸில் கூடவே ஏறப் போவது வீட்டில் இருக்கிறவர்கள்தான்.